உறையாத ரத்தம்

மாலை நான்கு இருபதுக்கு என் மகள் கூப்பிட்டாள். "அம்மா, இங்கன வாங்க" என்று மெதுவாகத்தான் சொன்னாள். மீன் ஆய்ந்த கையைக் கழுவாமல் தன் உடும்பைத் தூக்கியிருக்கிறாள். அது அவள் கட்டைவிரலின் அடிச்சதையைக் கவ்வி, கண்ணை மூடியபடி அசையாமல் தொங்கியது.

கல்லூரி சேர்ந்த வருடம் சாயல்குடி உப்பளக் கரையில் குஞ்சாகக் கண்டெடுத்து, முட்டை ஊட்டி வளர்த்தாள். வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்பதால் வெளியே மூச்சு விடமாட்டோம்.

கையோடு சேர்த்து வாளித் தண்ணீரில் முக்கினோம். சற்று நேரத்தில் அது வாயைத் திறந்து, சத்தமில்லாமல் பீரோவுக்கு அடியில் போய்விட்டது. என் கணவர் மஞ்சளை அப்பிக்கொண்டே சிரித்தார்.

"உடும்புக்கு ஏது வெசம்? பிடிதான் பெருசு. இன்னும் அதக் கொஞ்சு, ஆத்தா."

எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வதுதான். அவளும் சிரித்தாள்.

மஞ்சள் கரைந்து வழிந்தது. ரத்தம் தண்ணீரைப் போல, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. துணி மாற்ற மாற்ற நனைந்தது. வாய் கொப்பளித்துத் துப்பினாள், அதிலும் சிவப்பு. வண்டி பிடித்து ராமநாதபுரம் ஓடினோம்.

"என்ன கடிச்சுச்சு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நாய்ங்க" என்றார் என் கணவர். "வளத்த நாய்."

நர்ஸ் நாய்க்கடி ஊசி எடுக்கப் போனார். மகளின் ஈறு மறுபடி கசிவதைப் பார்த்தேன்.

"நாயில்ல, உடும்பு" என்றேன். கணவர் என் காலை மிதித்தார்.

டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் அவள் ரத்தத்தை எடுத்து மேசைமேல் நிறுத்தினார். இருபது நிமிடத்தில் உறைய வேண்டுமாம். நேரம் ஆனதும் சாய்த்தார். ஓடியது.

"உடும்புக்கு வெசம் உண்டா இல்லையான்னு படிச்சவங்களே இன்னும் சண்ட போடுறாங்க. இதுக்குன்னு முறிவு மருந்து கிடையாதும்மா. ரத்தத்த உறைய வைக்கிற ரத்தக்கூறு ஏத்திப் பாப்போம். வனத்துறைக்கும் சொல்லியாகணும்."

மகள் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்கு யாரும்மா இன்னைக்கு சாப்பாடு வைப்பா?" என்றாள்.

விடிந்த பிறகு எடுத்த ரத்தம் குழாயைச் சாய்த்தும் நகரவில்லை. நான் மகளின் போர்வையை இழுத்துவிட்டேன்.

வீட்டைத் திறந்துகாட்டப் போயிருந்த என் கணவரோடு வனக்காவலர் ஒருவர் வந்தார். கட்டிலில் தூங்கும் பெண்ணைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"புள்ள பொழச்சிருச்சுல்ல, கேச அப்பறம் பேசுவோம். வீடு பூரா தேடிட்டோம்மா. கொல்லக்கதவு தெறந்து கெடக்கு, அங்கன உடும்பு இல்ல."