நாகேஸ்வரி அக்காவின் ஒன்பது கிழங்குகள்

இரண்டு விரல்களைச் செம்புக்குள் விட்டுப் பார்க்கிறார் நாகேஸ்வரி அக்கா. தண்ணீரில் குளிர் இன்னும் போகவில்லை. செம்பை மறுபடி அடுப்பருகே வைத்துவிட்டு, ஜன்னலோரத்தில் வரிசையாக நிற்கும் பால்மாப் பேணிகளை, காலியான பால்பவுடர் டப்பாக்களை, பார்த்து, "கொஞ்சம் பொறுங்கோ" என்கிறார். பேணி ஒவ்வொன்றிலும் ஒரு கிழங்கு. பெரிய வெங்காயத்தைப் போலப் பழுப்புத் தோல் போர்த்தி, பாதி உடம்பு மண்ணுக்கு மேலே தெரிய உட்கார்ந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதை அமரிலிஸ் என்கிறார்கள். அக்காவுக்கு இது 'மதாமின்ரை பூ'.

பாரிஸில் லா ஷப்பலை ஒட்டிய ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஐந்தாம் மாடி. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, ஒரே ஜன்னல். அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. பகலில் சலவைக்கூடம் ஒன்றில் ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறார். கணவர் தவரத்தினம் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாலு வருஷமாகிறது. எதிர்க் கட்டடத்தில் நான். புதுச்சேரிக்காரன், தபால் இலாகா. பிரெஞ்சில் ஏதாவது கடிதம் வந்தால் அக்கா அதை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து என்னிடம் வருவார். அப்படித்தான் பழக்கம்.

கிழங்குகளுக்குக் கடுமையான சட்டங்கள் வைத்திருக்கிறார். முளை தலைகாட்டும்வரை நாளைக்கு இரண்டு கரண்டி தண்ணீர், அதற்கு மேல் ஒரு சொட்டு இல்லை. தினமும் காலையில் பேணியைக் கால்வாசி திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் தண்டு வெளிச்சத்தைத் தேடிக் கோணிப் போகும். ஜன்னலோரச் சுவரில் பென்சிலால் கோடு கிழித்துத் தண்டின் உயரத்தைக் குறிக்கிறார். முந்தைய நாள் கோட்டுக்கும் மறுநாள் கோட்டுக்கும் இடையே சில சமயம் இரண்டு விரல் அகலம் இருக்கும். வெளியே ஒரு மரத்தில் ஓர் இலை கிடையாது. இங்கே பால்மாப் பேணியில் ஒரு தண்டு நாளுக்கு இரண்டு விரல் வளர்கிறது. முதல்முறை அந்தக் கோடுகளைப் பார்த்தபோது நான் விரலை வைத்து அளந்து பார்த்தேன். "உண்மைதான் தம்பி. எனக்கும் இன்னும் நம்பேலாமல் கிடக்கு" என்றார்.

முதல் கிழங்கைக் கொடுத்தவர் அதே கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கும் ஜெர்மேன், அக்காவின் 'மதாம்'. தையற்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற விதவை. கடைச் சாமான் பையைப் படியேற்றிக் கொடுத்ததற்கு நன்றியாக, செய்தித்தாளில் சுற்றி ஒன்றைக் கையில் வைத்தார். அக்கா அதை வெங்காயம் என்று நினைத்து மேலே கொண்டுபோய்த் தோலை உரித்து, சம்பலுக்கு வெட்டக் கத்தியை வைத்தபோது, தொட்டியைக் கொடுக்க மறந்துவிட்டோமே என்று ஜெர்மேன் மூச்சிரைக்கப் பின்னாலேயே ஏறி வந்துவிட்டார். "நோ, நோ!" என்று கத்தியைப் பிடுங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாவதுபோல் நடித்துக் காட்டினார். "நஞ்சாம் தம்பி! அவ மட்டும் வராமல் விட்டிருந்தால் அண்டைக்கு எங்கட கதை முடிஞ்சுது" என்று அக்கா சிரிக்கிறார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. கிழங்குப் பாடம் முழுவதும் கைச்சாடையிலேயே நடந்தது.

1984 அக்டோபரில் ஜெர்மேன் படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மருத்துவமனையிலிருந்து நடை பழக்கும் விடுதிக்கு மாற்றினார்கள். எலும்பு ஒட்டியது, ஆனால் மனுஷி கட்டிலை விட்டு எழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். டிசம்பர் தொடக்கத்தில் மகன் ழாக் வந்து வீட்டுச் சாமான்களை ஒதுக்கினார். பிப்ரவரி முடிவில் வீட்டுக்காரரிடம் சாவியைத் திருப்பிக் கொடுப்பது, தாயை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது என்று முடிவு. நிலவறை இருட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஜெர்மேனின் கிழங்குகள், அக்கா தூங்க வைக்கக் கொடுத்திருந்த அந்த முதல் கிழங்கோடு சேர்த்து, ஒன்பதும் குப்பைத் தொட்டிக்குப் போயின. வேலையிலிருந்து திரும்பிய அக்கா அதைப் பார்த்தார். தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டு ஒன்பதையும் பொறுக்கி எடுத்தார்.

"நாகேஸ், இதுகளை எங்கை வைக்கிறது? படுக்க இடமில்லை" என்றார் தவரத்தினம்.

"உங்களுக்கு இடமில்லையெண்டால் உங்கடை காலை மடக்குங்கோ."

ஜனவரியில் அந்தப் பெருங்குளிர் வந்தது. பூஜ்யத்துக்குக் கீழே பதின்மூன்று. வீடுகளைச் சூடாக்கும் கட்டடத்தின் கொதிகலன் உடைந்தது, சரிசெய்ய ஒரு வாரம் ஆகும் என்றார்கள். காலையில் எழுந்தபோது செம்புத் தண்ணீர்மேல் பனி ஏடு படிந்திருந்தது. ஜன்னல் கண்ணாடியை ஒட்டியிருந்த கிழங்கு ஒன்று அவித்த உருளைக்கிழங்கு போலக் குழைந்து கிடந்தது. மற்ற எட்டும் ஒரு சாண் தண்டோடு நின்றன.

அக்கா அழவில்லை. வீட்டிலிருந்த கம்பளிச் சட்டைகளையெல்லாம் எடுத்துப் பேணிகளுக்குச் சுற்றினார். சந்தைக்குக் கொண்டுபோகும் சக்கரப் பையில் நாலு நாலாக வைத்து, உறைந்த தெருவில் தள்ளிக்கொண்டு புறப்பட்டார். மூன்று, சலவைக்கூடத்தில் இஸ்திரி யந்திரத்தின் பக்கம். ஒன்று, தவரத்தினத்தின் உணவகச் சமையலறை அலமாரித் தட்டில். இரண்டு, குகதாசனின் மளிகைக் கடையில், குளிர்பெட்டியின் சூடான முதுகுப்புறம். இரண்டு, என் வீட்டு வெப்பக் குழாயின் மேல்.

"ஏன்க்கா இவ்ளோ பாடு? கடையில புதுசா கிடைக்குமே" என்று தெரியாமல் கேட்டுவிட்டேன்.

"மதாம் எழும்பி வந்து என்ரை கிழங்கு எங்கையெண்டு கேட்டால், கடையிலை வாங்கினது எண்டோ சொல்லுறது?"

எழும்பி வந்து! மகனும் நடை பழக்குபவரும் கைவிட்டிருந்தார்கள். இவர் ஒருத்திதான் அவர் வருவார் என்ற கணக்கில் இருந்தார்.

தினமும் வேலைக்குப் போகுமுன் நாலு இடங்களையும் சுற்றி வந்தார். குகதாசன், "அக்கா, உங்கட வெங்காயம் என்ன விலையெண்டு சனம் கேக்குது" என்று அலுத்துக்கொண்டார். ஆனால் பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு காலை கடையைத் திறந்தவர், அரிசி மூட்டைகளுக்கு நடுவே இரண்டு தண்டுகளில் எட்டு வெள்ளைப் பூக்கள், ஒவ்வொன்றும் விரித்த கையளவு, மலர்ந்து நிற்பதைக் கண்டு செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். அவரே சொன்னது இது. அந்த வாரத்துக்குள் என் வீட்டில், சலவைக்கூடத்தில், சமையலறையில் என்று ஏழு கிழங்குகள் பூத்தன. ஒன்று இலையோடு நின்றுவிட்டது.

பூக்களைக் கொண்டுவரலாமா என்று கேட்க நான் விடுதிக்குத் தொலைபேசினேன். மண் உள்ள தொட்டி கூடாது, வெட்டிய பூவானால் சரி என்றார்கள். அதுவரை ஒரு பூவைக்கூட வெட்டாதவர் அக்கா. கத்தியைக் கையில் எடுத்து வெகுநேரம் நின்றார். பிறகு ஏழு தண்டுகளையும் ஒவ்வொன்றாக அறுத்தார். தண்டு உள்ளே குழல் போல வெறுமையானது. தலைகீழாகப் பிடித்துக் கரண்டியால் தண்ணீர் நிரப்பி, பஞ்சால் அடைத்தார். "இப்பிடிச் செய்தால் வாடாது. ஒருக்கால் தண்டு முறிஞ்ச நேரம் மதாம் காட்டினவ."

ஞாயிறு பிற்பகல் இருவரும் போனோம். பேருந்தில் ஒரு கிழவர் எழுந்து இடம் கொடுத்தார், எங்களுக்கல்ல, பூக்களுக்கு.

ஜெர்மேன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் கூப்பிட்டதும் திரும்பினார். உங்கள் நிலவறைக் கிழங்குகள்தான், குப்பையிலிருந்து இவர் எடுத்தார் என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் நீட்டினார்.

அக்கா கொடுக்கவில்லை. அறையின் மறுகோடிக்குப் போய், ஜன்னல் திண்டில் இருந்த சாடியில் ஏழையும் நிறுத்திவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் கொண்டுவரச் சொல்கிறார் என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

"எனக்கு விளங்கினது. பேசாமல் இருங்கோ தம்பி."

இருபத்தெட்டு பூக்கள். வெளியே பனி, அதைவிட வெள்ளையாக இவை. ஜெர்மேன் மறுபடி கேட்டார். அக்கா ஒரு சொல்லும் புரியாதவர்போல் புன்னகைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, போர்வைக்குள்ளிருந்து ஒரு கால் வெளியே வந்தது. பிறகு மற்றது. தாதி ஓடி வந்து தோள் கொடுத்தாள். ஐந்து எட்டு வைக்கக் கால்மணி நேரமாவது ஆகியிருக்கும். அந்த ஐந்து எட்டிலிருந்து தொடங்கித்தான் ஏப்ரலில் அவர் கைத்தடியோடு தன் முதல் மாடிக்கே திரும்பினார். தாய் எழுந்து நடந்த செய்தி கேட்டு, மகன் சாவியைக் கொடுக்காமல் வைத்திருந்தார்.

அன்று அவர் ஜன்னல் திண்டைப் பற்றிக்கொண்டு, இருப்பதிலேயே பெரிய பூவுக்குள் முகத்தைப் புதைத்தார். நிமிர்ந்தபோது மூக்கின் நுனியில் மஞ்சளாக மகரந்தம் அப்பியிருந்தது. தாதி சிரித்துக்கொண்டே துடைக்கக் காகிதத்தை நீட்டினாள். அது அங்கேயே இருக்கட்டும் என்பதுபோல், நாகேஸ்வரி அக்கா எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.