முன்னச்சுக்கு ஒரு தடியன்

தோல் நிறுக்கிற பெரிய தராசில் என் மாமா குந்தியிருப்பதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் ஆம்பூரில் தோல் பதம்போடுகிற எங்கள் ஷாப்பில் ஒருத்தரும் கிடையாது. நானும் சிரித்தவன்தான். மாமா என்றால் என் அக்காவைக் கட்டியவர். அக்கா புருஷனைக் கிண்டல் செய்யாமல் வேறு யாரைச் செய்வது? தட்டு சின்னது, மாமா பெரியவர். முழங்காலை மடக்கிக்கொண்டு, சதை இரண்டு பக்கமும் வழிய, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் ஆடுவார். குமாஸ்தா எதிர்த்தட்டில் இரும்பு எடைகளை அடுக்கிக்கொண்டே தினமும் ஒரே கேள்வி கேட்பார்: "இன்னாடா இது, ஆட்டுத்தோலா, மாட்டுத்தோலா?"

"எருமைத்தோல் சார். கொம்போட வந்துக்கிது" என்பேன் நான்.

"இரு மச்சான், உங்கக்காகிட்ட சொல்றேன்" என்று மாமா தட்டிலிருந்தபடியே சிரிப்பார். அவர் சிரித்தால் தட்டு குலுங்கும். குமாஸ்தா அதட்டுவார். முள் நிற்கும்வரை மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

மனுஷனை எதற்கு நிறுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். எல்லாம் லாரியால் வந்த வினை. தோலைப் பதம்போட ஆவாரம்பட்டை வேண்டும். அதை ஆலங்காயம் காட்டுப்பக்கத்திலிருந்து எங்கள் லாரிதான் கொண்டுவரும். பட்டை இடத்தை அடைக்குமே தவிர, மூட்டைக்கு அவ்வளவாக எடை இருக்காது. ஒரே நடையில் இரண்டு நடைச் சரக்கை அள்ள வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. லாரியின் பின்பக்கத்தில் பலகை அடித்து, பின் சக்கரத்தைத் தாண்டி ஒரு ஆள் நீளத்துக்கு வால் மாதிரி நீட்டிவிட்டார். ஒரு மூட்டை லேசுதான். மூட்டையால் ஒரு மலையே கட்டிப் பின்னால் தொங்கவிட்டால் அது லேசாக இருக்குமா? மொத்தப் பாரமும் பின்னச்சில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏற்றத்தில் முன் சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் மிதக்கும். ஸ்டியரிங்கை வளைத்தால் லாரி வளையாது, பள்ளத்தைப் பார்த்து நேராகப் போகும். ஓட்டுகிறவர் எங்கள் டிரைவர் பாய். ஒருமுறை ஒரு புளியமரத்துக்கு அரை முழம் இருக்கும்போது லாரியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"முதலாளி, வாலை வெட்டிடுங்க. இல்லாட்டி என்னை உட்டுடுங்க" என்றார் பாய், ஷாப்புக்கு வந்து சேர்ந்ததும்.

"வாலை வெட்டினா மூட்டை கொறஞ்சிடும். முன்னால ஒரு தடியனை உக்கார வெச்சிக்கோ" என்றார் முதலாளி.

தடியன் என்றதும் எல்லோரும் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து லாரியின் முன்பக்கம் வலது மட்கார்டில் ஸ்டெப்னி, இடது மட்கார்டில் மாமா. எஞ்சின் சூடு அவர் தொடையில்தான் அடிக்கும். தொடைத்தோல் ஷாப்புத் தோல் மாதிரியே பழுத்துவிட்டது. ஏற்றத்தில் அவர் பானெட்டின்மேல் குப்புறக் கவிழ்ந்து முன்னச்சை அமுக்குவார். லாரி திணறி நின்றால் குதித்து ஓடி, பின் சக்கரத்துக்குக் கட்டை வைப்பார். மற்ற நேரத்தில் என்னோடு சேர்ந்து மூட்டையும் தூக்குவார். முதலாளி எதையும் நிறுக்காமல் வாங்குகிற ஜாதி இல்லை. "எட்டு மணங்கு எடைக்குக் கீழே எறங்கினா வேற ஆளு" என்று சொல்லி, காலையில் லாரி கிளம்புமுன் மாமாவையும் தராசில் ஏற்றச் சொல்லிவிட்டார்.

அந்த எட்டு மணங்கும் அக்காவின் அடுப்பிலிருந்துதான் வரவேண்டும். வீட்டில் இரண்டு பிள்ளைகள். களி கிண்டினால் பெரிய உருண்டை மாமாவுக்கு. மிச்சம் பிள்ளைகளுக்கு. பானையைக் கழுவிய தண்ணீரில் உப்புப் போட்டு அக்கா குடிப்பாள். மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். பிள்ளைகள் பார்த்தால் களி தொண்டையில் இறங்காதாம். போதும் என்று எழுந்தால் அக்கா தோளை அமுக்கி உட்காரவைப்பாள்.

"லாரியை விட உன் ஊட்லதான் பாரம் ஒரு பக்கமா கீதுக்கா" என்றேன் ஒரு நாள். அக்கா கரண்டியைத் தூக்கினாள். தூக்கிய கையில் எலும்பு தெரிந்தது. ஓடிவந்துவிட்டேன்.

அப்புறம்தான் மாமாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மட்கார்டில் உட்கார்ந்தபடி பல் கிட்டிக்க நடுங்குவார். "எஞ்சின் சூடு சொகமா கீதா மாமா?" என்று நான் பின்னாலிருந்து கத்துவேன். "மாமியார் ஊட்டு விருந்து மாதிரி கீது" என்று நடுங்கிக்கொண்டே பதில் வரும். கன்னம் ஒட்டிப்போனது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ஒரு நாள் ஏறமுடியாமல் தவித்தவரை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கினேன். கை கல்லில் இடித்தது. மாமா கண்ணைச் சிமிட்டினார்.

"உங்கக்கா குடுத்த சீதனம்டா மச்சான். வாயத் தொறக்காத."

அது அக்காவின் அம்மிக் குழவி. குழம்பு வைத்து எத்தனையோ நாளாகிவிட்டதால் அம்மி சும்மாதான் கிடந்தது. குழவியையும் ஐந்தாறு கற்களையும் பழைய புடவையில் சுற்றி, அக்காவே அவர் வயிற்றோடு கட்டி அனுப்பியிருக்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் பங்கு மூட்டையையும் சேர்த்துத் தூக்கினேன். தராசு முள் நின்ற இடத்திலேயே நின்றது.

பச்சைத்தோல் விற்க வருகிறவர்கள் எடை ஏறட்டும் என்று, கெடாமலிருக்கத் தடவிய உப்பை வழிக்காமல் கொண்டுவருவார்கள். அதனால் எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம். தோலின் நாலு மூலையையும் நாலு பேர் பிடித்து, உப்பெல்லாம் உதிரும்வரை உதறிவிட்டுத்தான் தட்டில் போடுவார்கள். அன்றைக்குக் காலையில் குமாஸ்தா மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"மூஞ்சி வத்திப்போச்சு. கண்ணு உள்ள போயிட்ச்சு. எடை மட்டும் எறங்கவே மாட்டேங்குது. உப்பு ஜாஸ்தியா கீதுபோல. உதறுங்கடா இவனை!"

எல்லோருக்கும் கொண்டாட்டம். கைக்கு இரண்டு பேர், காலுக்கு இரண்டு பேர். "வாணாம்டா, கூசுதுடா" என்று மாமாவும் முதலில் சிரித்தார். தூக்கிவிட்டார்கள். நான் ஒருத்தன் கையைப் பிடித்து இழுத்தேன், அவன் முழங்கையால் என் மூக்கில் விட்டான். இரண்டாவது உதறலில் மாமா அழ ஆரம்பித்திருந்தார். அடுத்த உதறலில் ஒரு கல் விழுந்தது. பின்னாலேயே குழவி விழுந்து, தரையில் கடகடவென்று உருண்டு முதலாளியின் செருப்பில் போய் நின்றது. அந்த ஆச்சரியத்தில் நாலு பேரும் கையை விட்டுவிட்டார்கள். மாமா விழுந்த சத்தம் குழவி விழுந்த சத்தத்தைவிடக் கம்மிதான்.

முதலாளி கோபப்படவில்லை. குழவியை எடுத்துக் கையில் ஏந்திப் பார்த்தார். பாயைக் கூப்பிட்டார்.

"இத்தினி நாளா ஏத்தத்துல முன்னச்சு தூக்கிச்சா பாய்?"

மாமாவைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பாய் அவசரமாகச் சொன்னார்: "இல்ல முதலாளி! ஒரு நாளும் தூக்கல. ஜோரா வந்துச்சு. இவன்மேல ஒரு கொறையும் சொல்ல முடியாது."

"அப்படின்னா கல்லு நல்லா வேலை செய்யுது" என்றார் முதலாளி. "மூட்டையத் தூக்க இவன் மச்சான் கீறான். பாரத்துக்குக் கல்லு. நடுவுல இவன் எதுக்கு?"

பாய்க்கு அப்போதுதான் உறைத்தது. "கல்லு எறங்கி வந்து சக்கரத்துக்குக் கட்டை வெக்குமா முதலாளி?"

"அதையும் இவன் வெப்பான்" என்று என்னைக் காட்டினார்.

மாமா தரையிலிருந்து எழுந்திருக்காமல் கையை நீட்டினார். "அந்தக் குழவிய மட்டும் குட்துருங்க முதலாளி. ஊட்டு அம்மிது."

"இத்தினி நாளா இதுக்குத்தாண்டா நான் கூலி குட்துக்கினு வந்தேன். இது என்னுது."

குழவியோடு இன்னும் நிறைய கல்லைச் சாக்கில் போட்டு இடது மட்கார்டில் கட்டினார்கள். அன்றைக்கு லாரி ஏற்றத்தில் முரண்டு பிடிக்கும், குடைசாயும், முதலாளி ஆளனுப்பி மாமாவைக் கூப்பிடுவார் என்றெல்லாம் நான் மனக்கோட்டை கட்டிக்கொண்டு போனேன். லாரி சமர்த்தாக ஏறியது. மாமா இருந்தபோதுகூட அவ்வளவு நன்றாக ஏறியதில்லை.

இப்போதும் நான் அதே லாரியில்தான் போகிறேன். மாமா அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. காலையில் சாக்கின் கட்டை இறுக்கும்போது, "இன்னா மாமா, இன்னிக்குத் துன்னியா இல்லியா?" என்று அதைத் தட்டிக் கேட்பேன். புதிதாக வந்த ஆட்கள் சிரிப்பார்கள். பாய் சிரிக்க மாட்டார், எஞ்சினைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொள்வார்.

மாமாவை வேலையிலிருந்து நிறுத்திய அன்று, பொழுது சாய்வதற்குள் அக்கா வீட்டுக்குப் போனேன். களி ஆகிவிட்டிருந்தது. அக்கா பழக்க தோஷத்தில் பெரிய உருண்டையை மாமாவின் தட்டில் போட்டு முன்னால் வைத்தாள். மாமா அன்றைக்குச் சுவரைப் பார்த்து உட்காரவில்லை. பிள்ளைகளைப் பார்த்து உட்கார்ந்தார். தட்டைச் சின்னப் பெண் பக்கமாகத் தள்ளினார்.

"துன்னும்மா."

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அம்மாவைப் பார்த்தாள். "அது லாரிக்குப்பா" என்றாள்.

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாங்கள் இல்லாத நேரத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு அவள் என்ன சொல்லி வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கும் தெரிந்தது, மாமாவுக்கும் தெரிந்தது.

"லாரிக்கு வேற ஆள் வந்துட்டாங்கம்மா" என்றார் மாமா.

"யாரு?"

"நம்ம ஊட்டுக் குழவி."

பெண் வெறும் அம்மியைத் திரும்பிப் பார்த்தாள். "அது இன்னா துன்னும்?"

"ஒண்ணும் துன்னாது. அதான் முதலாளிக்குப் புடிச்சிப்போச்சு."

 அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தாள்.