தேவை தீர்ந்ததும் திருப்பித் தரவும்

மாநகராட்சி வட்டார அலுவலகத்தின் பின்கட்டில், குடிநீர்ப் பிரிவுக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஓர் அறை இருக்கிறது. உள்ளே அலுமினிய ஏணி ஒன்று, சுவரில் துளைபோடும் மெஷின் இரண்டு, தையல் மெஷின், குழந்தைத் தொட்டில், ஊன்றுகோல்கள், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, யாரோ தானமாகக் கொடுத்துவிட்டுப் போன பெரிய டிரம் ஒன்று. டிரம்மை மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை. நகரத்தில் குடியிருப்பவர்கள் யாராக இருந்தாலும் முகவரிச் சான்றைக் காட்டி இவற்றை இலவசமாக எடுத்துப்போகலாம். பொருள் நூலகம் என்று இதற்குப் பெயர் வைத்த ஆணையர், திறப்பு விழா நடந்த மறுமாதமே மாற்றலாகிப் போய்விட்டார். பின்னால் வந்த ஆணையர்களுக்கு இப்படி ஓர் அறை இருப்பதே தெரியாது. தெரியாததால் மூடவும் இல்லை. ஒரு நல்ல காரியம் அரசாங்கத்தில் நெடுநாள் உயிரோடு இருக்க இதைவிடப் பத்திரமான வழி கிடையாது.

பதினோரு வருடமாக அந்த அறையைப் பார்த்துக்கொள்பவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. மற்றபடி அலுவலகத்துக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் அவள் எதுக்கக்கா. யார் வந்து எதைக் கேட்டாலும் அவள் வாயிலிருந்து முதலில் வரும் சொல் அதுதான்.

"துளைபோடுற மெஷின் வேணும்க்கா."

"எதுக்கு?"

"செவுத்துல படம் மாட்டணும்."

"என்ன படம்?"

"எங்க கல்யாணப் படம்தான்."

"ஜன்னலுக்கு எதிர் செவுரா? வேணாம். வெயில் பட்டு ஒரே வருஷத்துல ரெண்டு பேர் மூஞ்சியும் வெளுத்துப்போயிரும். பக்கத்துச் செவுத்துல மாட்டுங்க."

மெஷினோடு ஆலோசனையும் இலவசம். ஆனால் அவள் குடியிருக்கும் வரிசையில் ஒருவரும் அவளிடம் ஒரு கரண்டி சர்க்கரைகூடக் கேட்டு வரமாட்டார்கள். "இவளுக்குப் பதில் சொல்லி முடிக்கிற நேரத்துல கடைக்கே போயிட்டு வந்துரலாம்" என்பார் அவள் கணவர். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கேள்வி கேட்காமல் மேலேயும் கீழேயும் போய்வரும் பொருட்களோடு பழகியவர்.

ஆரம்பத்தில் எல்லாப் பொருளுக்கும் திருப்பித் தரவேண்டிய தேதி குறித்துத்தான் கொடுத்தாள். முதல் வருடத்திலேயே ஒரு மளிகைக் கடைக்காரர் குறித்த தேதியில், குறித்த நேரத்தில் ஊன்றுகோல்களைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். கையெழுத்தும் போட்டார். அப்புறம்தான் வீட்டுக்குப் போக வழியில்லை என்பது இருவருக்கும் உறைத்தது. மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. ஒருவருக்கே அதே நாளில் மறுபடி கொடுக்க விதியில் இடமில்லை. மனிதர் சாயங்காலம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் எதுக்கக்கா தன் பெயரில் ஊன்றுகோலை எடுத்து, அதை அவரிடம் கொடுத்து அனுப்பினாள். மறுநாளே தேதி முறையை ஒழித்தாள். பெயர்ப்பலகை எழுதுபவரைக் கூப்பிட்டு, கதவுக்கு மேலே நீல எழுத்தில் ஒரு வாக்கியம் எழுதவைத்தாள்: தேவை தீர்ந்ததும் திருப்பித் தரவும்.

தேவை எப்போது தீர்கிறது, அதை யார் சொல்வது என்று கேட்டால் படித்தவர்களே திணறிப்போவார்கள். அவள் அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. தீர்ந்தால் தெரியாதா என்று நினைத்தாள். ஆச்சரியம் என்னவென்றால், பத்து வருடம் அந்த வாக்கியம் வேலை செய்தது. ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏணிகூடத் திரும்பி வந்தது.

இடறியது ஒரு சனிக்கிழமை மத்தியானம். காக்கிச் சட்டை போட்ட பஸ் டிரைவர் ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"சக்கர நாற்காலி இருக்குமாம்மா?"

"எதுக்கு?"

"எம் பொண்ணுக்கு. ஸ்கூட்டர்லேருந்து விழுந்துட்டா. வலது கால்ல தொடைவரைக்கும் கட்டு. இடது மணிக்கட்டும் போச்சு, அதனால ஊன்றுகோல் பிடிக்க முடியாது. திங்கக்கெழம பொதுத்தேர்வு ஆரம்பம். மொதல் நாளே கணக்கு. வாசல்லேருந்து தேர்வு அறைக்கு அரை பர்லாங் இருக்கு."

எதுக்கக்காவுக்கு இரண்டாவது கேள்வி வரவில்லை. பதினோரு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

"தூக்கிட்டுப் போக முடியாதா?" என்று ஏதோ கேட்கவேண்டுமே என்று கேட்டாள்.

"பதினேழு வயசுப் பொண்ணும்மா. மத்தப் பிள்ளைங்க பாக்க அப்பா தூக்கிட்டு வந்தா பரீட்சையே எழுதமாட்டேன்னு உக்காந்திருக்கா. நேத்துலேருந்து சாப்பிடல."

அறையின் கணக்கில் இரண்டு சக்கர நாற்காலிகள் இருந்தன. ஒன்று முன்சக்கரம் கழன்று, எட்டு மாதமாகப் பண்டகசாலையில் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தது. இன்னொன்று கோர்ட் ஐயாவிடம் இருந்தது. நீதிமன்றத்தில் முப்பத்துநாலு வருடம் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு பிசகியதால், நாலு மாதத்துக்கு முன் அவருடைய மகன் வந்து எடுத்துப் போனான். வாடகைக்கு விடும் கடையிலும் விசாரித்தாள். புதன்கிழமைதான் நாற்காலி வரும் என்றார்கள்.

"திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு ஸ்கூல் வாசல்ல நாற்காலி இருக்கும்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டாள். அவர் கும்பிட்டுவிட்டுப் போனபிறகுதான் கோர்ட் ஐயாவின் எண்ணைத் தேடி எடுத்தாள்.

கோர்ட் ஐயா வீட்டில் போனை யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் நேரிலேயே கிளம்பினாள். வழியில் பூங்காவின் வேலிக்கு அந்தப்பக்கம் அந்த நாற்காலி தெரிந்தது. முதுகுப்பக்கம் அவளே வெள்ளை பெயின்டால் எழுதிய எண். கோர்ட் ஐயா மடியில் போர்வை போர்த்திக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மகன் தூரத்தில் குழாயடியில் வரிசையில் நின்று பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான்.

அப்போது ஒரு காற்று அடித்தது. செய்தித்தாளின் நடுத்தாள் கிளம்பிப் புல்வெளியில் பறந்தது. கோர்ட் ஐயா போர்வையை உதறினார், எழுந்தார், ஓடினார், செடி ஓரமாகத் தாளைப் பிடித்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார், போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். இவ்வளவும் குழாயடியில் பாட்டில் நிரம்புவதற்குள் முடிந்துவிட்டது.

எதுக்கக்கா அவர் முன்னால் போய் நின்றாள்.

"நல்லா ஓடறீங்க ஐயா."

"யாரு?"

"நீங்கதான்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"வேற சாட்சி உண்டா?"

"ஐயா, நான் பொருள் நூலகத்துலேருந்து வரேன். நாற்காலி வேணும். ஒரு பொண்ணு பரீட்சைக்குப் போகணும்."

"அது வேற விஷயம். உங்க பலகையில என்ன போட்டிருக்கு?"

"தேவை தீர்ந்ததும் திருப்பித் தரவும்."

"கால் குணமானதும்னு போட்டிருக்கா?"

"இல்ல."

"டாக்டர் சொன்னதும்னு?"

"இல்லீங்க."

"தேவை. அவ்வளவுதான். யாரோட தேவை? எடுத்தவனோடது. தீர்ந்துச்சான்னு யாரு சொல்லணும்? எடுத்தவன். எனக்குத் தீரல. யாரும்மா இதை எழுதினது? நான் சர்வீஸ்ல இருந்தப்போ இப்படி ஒரு வாசகம் வந்திருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்."

எழுதியவள் நான்தான் என்று அவள் சொல்லவில்லை. எரிச்சலாக இருந்தது. ஆனால் எரிச்சலிலும் பழக்கம் விடவில்லை.

"சரி ஐயா. காலுக்கு இல்லேன்னா, வேற எதுக்கு?"

கோர்ட் ஐயாவின் கண் குழாயடிப் பக்கம் போனது.

"நான் நடந்துகிட்டிருந்தப்போ இவன் கூட வரமாட்டான். பாத்துப் போயிட்டு வாங்கப்பாம்பான், அதோட சரி. இதுல உக்காந்தா தள்ள ஆள் வேணுமில்ல. தினம் முக்கால் மணி நேரம்."

"என்ன பேசிப்பீங்க?"

"அவன் எங்க பேசறான். பின்னால நிக்கறவன் மூஞ்சி நமக்குத் தெரியாது. ஆனா, எங்கயும் ஓடிப்போக முடியாது பாருங்க."

அதில் ஒரு திருப்தி தெரிந்தது. ஒரு கணம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மறுகணம் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் ஞாபகம் வந்தது.

"எழுந்து நடந்து காமிச்சிருங்களேன். அதுக்கப்புறமும் கூட வராமயா போயிருவாரு?"

"எப்பலேருந்து நடக்கறீங்கன்னு கேப்பானே, என்ன சொல்றது?" கோர்ட் ஐயா குரலைத் தாழ்த்தினார். "ரெண்டாவது வாரத்துலேருந்தும்மா."

மகன் தண்ணீர் பாட்டிலோடு வந்துவிட்டான். நாற்பது வயது இருக்கும். வங்கியில் வேலை, தோளில் பை, நெற்றியில் வியர்வை. விஷயத்தைக் கேட்டதும் தயங்கினான். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குங்க. டாக்டர் நடக்கலாம்னுதான் சொல்றாரு. அப்பாவுக்கு இன்னும் தைரியம் வரல. கட்டாயப்படுத்தி விழுந்துட்டாருன்னா?"

கோர்ட் ஐயா புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் நாற்காலி கைக்கு வந்துவிடும். வாய் வரைக்கும் வந்தது. ஒரு மனிதரின் பொய்யை அவர் பிள்ளைக்கு முன்னால் அவிழ்ப்பதற்கு மாநகராட்சி தனக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"திங்கக்கெழம காலைல எட்டு மணி. பெண்கள் பள்ளிக்கூடம், பெரிய கேட்டு" என்று ஐயாவைப் பார்த்து மட்டும் சொன்னாள். "பொண்ணுக்கு மொதல் பரீட்சை கணக்கு."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் அவள் வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லை. "சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றார் கணவர்.

"சொல்லியிருக்கலாம்."

"இப்ப என்ன பண்ணப்போற?"

"எங்க ஆபீஸ் வரி சூப்பரின்டெண்டோட நாற்காலிக்கும் சக்கரம் இருக்குல்ல?"

கணவர், அவளைப்போல "எதுக்கு?" என்று கேட்காமல் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஏழேமுக்காலுக்குப் பள்ளிக்கூட வாசலில் ஒரு சுழல் நாற்காலி இறங்கியது. சூப்பரின்டெண்ட் பத்து மணிக்கு முன் வந்ததாக வரலாறு இல்லை. டிரைவர் தன் மகளைத் தூக்கி அதில் உட்கார வைத்தார். அந்தப் பெண் நீட்டிய காலோடு, உதட்டைக் கடித்துக்கொண்டு, மடியில் பரீட்சை அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதுக்கக்கா தள்ளினாள். சிமென்ட் தரை இருந்தவரை போனது. சரளைக்கல் ஆரம்பித்ததும் சக்கரங்கள் ஐந்தும் ஐந்து திசையில் திரும்பிக்கொண்டன. நாற்காலி முன்னால் போவதற்குப் பதிலாகச் சுற்றியது. பெண்ணின் கட்டுப்போட்ட கால் கடிகார முள்போல் ஒரு வட்டம் அடித்து, சரியாகக் காவலாளியின் இடுப்புக்கு நேரே வந்து நின்றது.

"அப்பா, வீட்டுக்குப் போயிரலாம்ப்பா" என்றாள் பெண். குரல் உடைந்துவிட்டது.

"இன்னும் பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு. அப்புறம் உள்ள விடமாட்டேன்" என்றார் காவலாளி.

இதைவிட நேற்றே, அதற்கு முன்தினமே, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம் என்று எதுக்கக்கா தன்னைத்தானே திட்டிக்கொண்டபோதுதான் தெருமுனையில் அவர்கள் வந்தார்கள். கோர்ட் ஐயா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், காலி நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு, நல்ல வேகத்தில் வந்தார். மகன் இரண்டடி தள்ளி, அவரைப் பார்க்காமல் வந்தான். அவன் முகம் இருந்த இருப்பைப் பார்த்தால் வீட்டில் விசாரணை முடிந்து தீர்ப்பும் சொல்லியாயிற்று என்று தெரிந்தது.

டிரைவர் மகளைத் தூக்கி மாற்றினார். கோர்ட் ஐயா குனிந்து கால்தாங்கியை நீட்டி, பூட்டுப் போட்டு, ஒரு தடவை அசைத்துப் பார்த்தார். "இடது பக்கம் கொஞ்சம் இழுக்கும். வலது கைல அழுத்தித் தள்ளுங்க" என்றார் டிரைவரிடம். பெண்ணிடம், "கடைசிக் கேள்வியை மொதல்ல படிச்சுப் பாரு" என்றார். அது நல்ல யோசனையா என்று யாருக்கும் தெரியாது. அவள் தலையாட்டினாள். பெரிய சக்கரம் சரளைக்கல்லை நொறுக்கிக்கொண்டு உருண்டது. மரத்தைத் தாண்டி, படியில்லாத சரிவில் ஏறி, மணி அடிக்க நாலு நிமிடம் இருக்கும்போது தேர்வு அறைக்குள் போய் மறைந்தது.

எதுக்கக்கா மூச்சு விட்டாள்.

"இனிமே அவளுக்குத்தான். ஆறு வாரம்" என்றாள்.

"ஆறு வாரம்னு பலகையில இல்லையே" என்றார் கோர்ட் ஐயா.

"அப்பா!" என்றான் மகன். அன்று காலை அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கவேண்டும். அணை உடைந்த மாதிரி மீதியும் வந்தது. "நாலு மாசங்க! நான் முதுகுவலிக்குத் தனியா டாக்டர்ட்ட போயிட்டிருக்கேன். இவரு நேத்து சாயங்காலம் எழுந்து நின்னு, நான் ஒண்ணு ஒத்துக்கணும்ங்கறாரு. அதுவும் எப்படி? மூணு பாயின்ட்டா பிரிச்சு!"

"நாலு" என்றார் கோர்ட் ஐயா.

"பேசாம வாங்க நீங்க. வீட்டுக்கு எப்படிப் போவீங்க?"

"நடந்துதான். உனக்கு ஆபீசுக்கு நேரமாகலையா?"

"ஆச்சு. பஸ் ஸ்டாப்வரைக்கும் வரேன். மழையில, இருமலோட, உங்களை அந்த ஏத்தத்துல தள்ளினேனே, அப்பகூடவா உங்களுக்கு மனசு வரல?"

இருவரும் நடந்தார்கள். எதுக்கக்கா சுழல் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். மகன் கையை ஆட்டி ஆட்டித் திட்டிக்கொண்டே போனான். நாலு மாதத்தில் பேசாததையெல்லாம், அநேகமாக நாலு வருடத்தில் பேசாததையும் சேர்த்துப் பேசினான். கோர்ட் ஐயா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் அவன் பக்கம் சாய்த்து, ஒரு வார்த்தையும் விட்டுப்போகாமல் கேட்டுக்கொண்டு நடந்தார்.

பேருந்து நிறுத்தம் வந்தது. மகன் நிற்கவில்லை. சொல்லவேண்டியது அவனுக்கு இன்னும் பாதி இருந்தது.