முன் லென்ஸ் முதலில்

என் வீட்டுக்காரருக்கு ஒரு சட்டையை மடித்து அலமாரியில் வைக்கத் தெரியாது. இந்த மனுஷன்தான் கணக்கை ஒழுங்காக அடுக்கும் கணினி மொழி ஒன்றை ஆறு வருஷமாகச் செய்துகொண்டிருந்தார். எண்ணே போடாமல், எழுத்துகளாகவே சமன்பாட்டைக் கூட்டிப் பெருக்கிச் சுருக்கித் தரும் மொழி. சாப்பாட்டு மேஜையில் முக்கால்வாசி அதற்குத்தான். உலகத்திலேயே அதைப் பயன்படுத்திய ஒரே ஆள் நான்.

எனக்கு லென்ஸ் பட்டறையில் வேலை. கேமராவுக்குள் எந்த லென்ஸ் எப்படி உட்கார வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பேன். வெளிச்சம் வரும் வழியில்தான் எழுதுவேன்: முன் லென்ஸ் முதலில், பின் லென்ஸ் கடைசியில். இவர் மொழியோ சின்னது முன்னால், பெரியது பின்னால் என்று தன் இஷ்டத்துக்கு அடுக்கும். அப்போதுதான் வேகமாக ஓடுமாம். ஒருநாள் அவசரத்தில், முதலில் நின்றதை முன் லென்ஸ் என்று படித்துவிட்டேன். அதை நம்பிப் பட்டறையில் நாற்பது லென்ஸை மாற்றித் தேய்த்துவிட்டார்கள். "பத்து வருஷமா இருக்கீங்க, முன்னது எது பின்னது எதுன்னு தெரியாதா?" என்று மேலாளர் எல்லார் முன்னாலும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "நான் எழுதினதை யாரைக் கேட்டு மாத்துது?"

"கூட்டல்ல எது முன்னால வந்தா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே."

"அப்போ உங்க மொழியை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க" என்று பழையபடி பென்சிலில் கணக்குப் போடப் போய்விட்டேன்.

அடுத்த வாரமே ஒரு கல்லூரியிலிருந்து கேட்டார்கள். இருநூறு மாணவர்களுக்கு இதையே வைத்துக்கொள்கிறோம், மாதக் கடைசிக்குள் முடித்துக் கொடுங்கள் என்று. ஆறு வருஷக் கனவு. சாப்பாட்டைக்கூட மறந்து தட்டிக்கொண்டிருந்தார். கல்லூரிக்காகத்தான் என்று நினைத்து நானும் தொந்தரவு செய்யவில்லை. மூஞ்சியை மட்டும் தூக்கி வைத்திருந்தேன்.

மாதம் முடிந்த மூன்றாம் நாள் காலை, கணினியை என் பக்கம் திருப்பினார். "சும்மா ஒண்ணு போட்டுப் பாரேன்."

வேண்டாவெறுப்பாகப் போட்டேன். விடையில் முன் லென்ஸ் முதலில் நின்றது. பிறகு நடு, பிறகு பின். நான் எழுதிய வரிசை கலையவே இல்லை.

"அடியிலிருந்து பிரிச்சுக் கட்டினேன். கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும்."

"காலேஜுக்குக் குடுத்தாச்சா?"

"இல்ல. இதையும் அவங்க வேலையையும் அந்தத் தேதிக்குள்ள முடிக்க முடியல. அவங்க வேற ஒண்ணைப் பாத்துக்கிட்டாங்க."

"இருநூறு பேரை விட்டுட்டா? பைத்தியமா உங்களுக்கு?"

அவர் என் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். "நீ திரும்ப வருவியோ மாட்டியோன்னு பயமா இருந்துச்சு" என்றார்.

பென்சிலை அவர் சட்டைப்பையில் செருகிவிட்டு, அடுத்த சமன்பாட்டைத் தட்டினேன். மெதுவாகத்தான் ஓடியது. காத்திருந்தேன்.