வாஷிங் மெஷினுக்குப் போர்த்திய சேலை

வீட்டுச் செலவுக் கணக்கெடுக்கும் பெண் தெருமுனைக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்ததும், என் மனைவி பழைய சேலை ஒன்றை எடுத்து வாஷிங் மெஷினுக்குப் போர்த்திவிட்டாள்.

எங்களுடையது பிங்க் ரேஷன் கார்டு, கேரளாவில் ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுப்பது. அடுத்த வாரம் அப்பாவுக்கு இதய ஆபரேஷன். கார்டு இருப்பதால்தான் ஆஸ்பத்திரியில் காசு கட்ட வேண்டியதில்லை. தலைக்கு இவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போய்க் கார்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று கொழிஞ்சாம்பாறை முழுக்கப் பேச்சு. கார்டு போனால் ஆபரேஷனே வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதுமில்லை.

அந்தப் பெண் முன்னறையில் உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்தாள்.

"போன வாரம் கறி, மீன் ஏதாச்சும் வாங்குனீங்களாக்கா?"

"கறிங்களா? அதெல்லாம் தீவாளி நோம்பிக்குத்தானுங்க" என்றாள் என் மனைவி.

அடுப்பில் கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாசனை வாசல் வரைக்கும் வந்தது. பாலா, கடுங்காப்பிதானாம். பழமா, கண்ணாலேயே பார்ப்பதில்லையாம். இத்தனை பஞ்சத்தில் எனக்கு எப்படித் தொப்பை வந்தது என்று நானே வியந்தேன்.

அப்போது பின்பக்கம் மெஷின் துவைத்து முடித்துவிட்டுப் பாட ஆரம்பித்தது. போர்த்தியவள் நிறுத்த மறந்திருக்கிறாள்.

அந்தப் பெண் தலையைத் தூக்காமலே, "துணியக் காயப்போட்டுட்டு வாங்கக்கா, நான் இருக்கறேன்" என்றாள்.

என் மனைவி அழுதேவிட்டாள். ஆபரேஷன், கார்டு, எல்லாவற்றையும் கொட்டினாள். கேட்டவள் பதறிப்போனாள்.

"அய்யோ, இதுக்கும் கார்டுக்கும் சம்பந்தமே இல்லீங்கக்கா. சனங்க எதுக்கு எவ்வளவு செலவு பண்றாங்கன்னு பாக்கறதுக்குத்தான் இது. உங்க ஊட்டு விசயம் வெளிய போகாதுங்க. எங்க ஊட்டுலயும் பிங்க் கார்டுதான், மெஷினும் இருக்குது."

அப்பாடா!

என் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பச் சொன்னதெல்லாம் அழிச்சுப்போடுங்க. மொதல்லருந்து சொல்றேன்" என்றாள். பால், நேந்திரம் பழம், ஞாயிற்றுக்கிழமைக் கோழி, பொள்ளாச்சியில் எடுத்த சுடிதார் என்று அவள் சொல்லச் சொல்ல, எங்கள் வீடு கண்முன்னால் நிமிர்ந்து நின்றது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

உள்ளறையில் படுத்திருந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அம்மிணி, எனக்குச் சோறு போடு" என்று குரல் கொடுத்தார். "அந்தக் கோழியில என்னையும் ஒரு ஆளாச் சேத்திக்கச் சொல்லு."