சித்தியின் ஏசியும் ஒரு குட்டி பீக்கும்

"ஏசியில கை வச்சது யாரு?"

மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து சித்தி கேட்டுவந்த கேள்வி இது. வணக்கம் சொன்னால்கூட இதுதான் பதிலாக வரும். வீட்டில் சித்தப்பா ஃபேனைக் கூட்டினால் அடுப்படியிலிருந்து வரும். அங்கேயே வேலை பார்க்கும் நான் ஒருநாள் வராந்தாவில் சித்தி குரலிலேயே அதைக் கேட்டுவிட, மேனேஜரே ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார்.

கவலைக்குக் காரணம் உண்டு. சித்தியின் மெஷினில் இருப்பது மயிரிழையைவிட மெல்லிய துளையுள்ள ஒரு குழாய். அதில் மின்சாரம் கொடுத்தால், கரைத்த மருந்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் தன் வேகத்தில் ஓடி வந்து திரையில் ஒரு பீக்காக, கூரான முகடாக எழும். அறையின் சூடு மாறினால் அந்த வேகம் மாறும்; சித்தியின் முகமும் மாறும்.

அன்று வந்தது குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் ஊசி மருந்து. பெரிய பீக்குக்குப் பக்கத்தில் ஒண்டுக்குடித்தனம் வந்ததுபோல் ஒரு குட்டி பீக். மருந்து சுத்தமில்லை என்றார் சித்தி. அவர் கையெழுத்துப் போட்டால் மொத்தச் சரக்கும் குப்பைக்குப் போகும். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டிலோ கையிருப்பே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அதே கரைசலைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். குட்டி பீக் போகவில்லை.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏசியில யாராவது கை வச்சிருப்பாங்களோ, மேடம்?"

"சூடு மாறினா எல்லா பீக்கும் சேர்ந்து நகரும் சார். இது நகரல. ஒவ்வொரு தடவையும் வளர்ந்துக்கிட்டே..."

சித்தி பாதியில் நிறுத்தினார். சரக்கிலேயே இருந்த அழுக்கு என்றால் அளவு மாறாதே, வளர்வானேன்? இந்த மருந்து தண்ணீரில் கரைந்ததுமே மெல்லச் சிதையத் தொடங்கும். காலையில் கரைத்து வைத்துவிட்டு, குழாயைக் கழுவுகிறேன் பேர்வழி என்று மதியமாக்கியவர் சித்தியேதான். எடுத்த பேனாவைக் கீழே வைத்தார். புதிதாகக் கரைத்து உடனே ஓட்டினார். பெரிய பீக் மட்டும் தனியாக நின்றது. சரக்கு தேறியது.

சித்தி தப்புச் செய்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆளுக்கொரு சாக்கில் எல்லோரும் அந்த அறைக்கு வந்துவிட்டோம். அப்படியென்றால் தப்பு யார்மேல் என்று மேனேஜர் மெல்லக் கொக்கி போட்டார். சித்தி கையெழுத்தைப் போட்டு, பேனாவை மூடி, எங்களை ஒரு சுற்று பார்த்தார்.

"தப்பு என்னோடதுதான் சார். கரைச்ச உடனே ஓட்டியிருக்கணும். ஆனா ரூம் குளுகுளுன்னு இருந்திருந்தா அது இவ்வளவு சீக்கிரம் கெட்டிருக்காது. அதனால இப்ப நான் கேக்கறேன், ஏசியில கை வச்சது யாரு?"