கவுச்சி விட்ட வீடு

குழந்தையம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. அதில் முப்பத்தாறு வருஷம் சூலூரில் விசைத்தறிச் சத்தத்துக்குள் போயிற்று. கத்திப் பேசியே பழகியவள். இந்த ஒரு மாதமாகத்தான் குரல் இறங்கிக் கிடந்தது. கணவர் தம்பிதுரைக்குச் சர்க்கரை. வலது கால் கட்டைவிரலில் செருப்புக் கடித்த புண் கறுத்துப்போனதால், கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் தொடை வழியாகக் குழாய் விட்டு, காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் இருந்த அடைப்பை எடுத்தார்கள். ரத்தம் பாதம் வரைக்கும் இறங்கியது. புண் மட்டும் ஆறுவேனா என்றது.

அன்றிலிருந்து அவளுக்கு உட்கார நேரமில்லை. கட்டு மாற்ற வேண்டும், அவரைத் தோளில் சாய்த்துக் குளியலறைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். மகன் மனோஜ்குமார் பெங்களூரிலிருந்து தினமும் போனில் "அப்பா எப்படீம்மா?" என்று கேட்பான். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க அந்தப் புண்ணியவானுக்குத் தோன்றவில்லை.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றபோது அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். "இவரு நடந்து வந்து உம்பட வாசல்ல நிக்கற வரைக்கும் எங்க ஊட்டுல கவுச்சி சேர்க்க மாட்டேன்" என்று குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டாள். கறி, மீன், முட்டை எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது. போதாக்குறைக்குத் தனக்கு ஒருவேளைச் சாப்பாடு என்றும் சேர்த்துக்கொண்டாள். சாமி கேட்டதா என்ன? இவளாகச் சேர்த்ததுதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டயட்டீஷியன் பிரவீனா, "புண் ஆறோணும்னா புரதம் வேணுமுங்க. தினம் மூணு முட்டை குடுங்க" என்று சொல்லியிருந்தாள். தம்பிதுரைக்குப் பால் ஆகாது. பருப்பும் சுண்டலும் இரண்டு வாய்க்கு மேல் போனால் வயிறு உப்பிக்கொள்ளும். முட்டைதான் வழி. குழந்தையம்மாள் தலையை ஆட்டிவிட்டு வந்து ரசஞ்சோறு போட்டாள். கோழிக்குழம்பு என்றால் உயிரை விடுகிற மனிதர், ஒரு வார்த்தை கேட்காமல் அதைச் சாப்பிட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது பிரவீனா கேட்டாள். "முட்டை சாப்புடறீங்களா ஐயா?"

"சாப்புடறனுங்க. தினம் மூணு."

குழந்தையம்மாள் திடுக்கிட்டுப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் நேர்ச்சையைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய் என்று அவளுக்கு விளங்கியது. விளங்கியும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

நாலாவது வாரம் கட்டைப் பிரித்த டாக்டரின் முகம் மாறியது. கறுப்பு விரலைத் தாண்டிப் பாதத்துக்கு ஏறப் பார்த்தது. "ரத்தக்குழாய் நல்லாத்தான் திறந்திருக்கு. உடம்புல சத்து இல்ல, சதை வளரல. மூணு வாரம் பார்ப்போம். இல்லைன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும்" என்றார்.

பிரவீனா தம்பிதுரையின் கையை நாடாவால் சுற்றி அளந்தாள். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தாள். "தினம் மூணு முட்டை சாப்பிட்ட உடம்பு இல்லீங்க ஐயா இது."

"தின்னாலும் ஒட்டறதில்லீங்க" என்றார் தம்பிதுரை.

குழந்தையம்மாளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "பொய்யி கண்ணு. ஒரு முட்டை கூட நான் குடுக்கல. சாமிக்கு நேர்ந்துபோட்டேன். எனக்காக இவரு பொய் சொல்றாரு" என்று உடைந்து அழுதாள். அவர் கால் போகாமல் இருக்க நேர்ந்த நேர்ச்சையே அந்தக் காலைத் தின்றுகொண்டிருந்தது.

பிரவீனா திட்டவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் அவித்த முட்டை இருந்தது. குழந்தையம்மாள் இரண்டு வாங்கி, பெஞ்சில் அவரை உட்காரவைத்து உரித்தாள். அவசரத்தில் ஓட்டோடு வெள்ளையும் கொஞ்சம் பிய்ந்து வந்தது.

"காலே போயிருச்சுன்னா அந்த வாசலுக்கு எப்படீங்க நடந்து வாரது? சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன். தின்னுங்க."

ஒன்றைத் தின்றார். இன்னொன்றை அவள் கையில் திருப்பி வைத்தார்.

"எனக்கெதுக்குங்க?"

"காலு என்னுது. தூக்கிச் சுமக்கறது நீதான, புள்ள?"

முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அவள் சாப்பிட்டாளா என்று இந்த ஒரு மாதத்தில் யோசித்த ஒரே ஆள் அவர்தான். அழுதுகொண்டே தின்றாள்.

அன்று முதல் முட்டை வாசற்படி தாண்டி வீட்டுக்குள்ளும் வந்தது. கடைசியில் கட்டைவிரலை மட்டும் எடுத்தார்கள். பாதம் தப்பித்தது. தை பிறந்து தம்பிதுரை மெல்ல நடந்து போய்க் கோயில் வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்க என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள் குழந்தையம்மாள். அங்கே போனதும் எதுவும் வரவில்லை. அலுப்பாக இருந்தது. அவர் தோளில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.